ஏட்டு வீட்டுத் தும்பை

எங்கள் வீட்டில் இதுவரை எதுவும் பழுத்ததில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஏழு போலீஸ் குடியிருப்புகளில் இருந்திருக்கிறோம். சங்கரன்கோவிலில் பப்பாளி வைத்தேன். காய் திரண்டு வருகிற சமயம் மாறுதல் உத்தரவு வந்தது. சாமான் ஏற்றுகிற லாரி வாசலில் நிற்க, பச்சைக் காயைப் பறித்துக் கூட்டு வைத்துத் தின்றுவிட்டுக் கிளம்பினோம். வள்ளியூரில் வாழை, குலை தள்ளியதோடு சரி. புளியங்குடியில் முருங்கை பூத்த வாரமே பெட்டி கட்டினோம். அந்த மரம் இப்போது காய்த்துத் தொங்குகிறது என்று எங்களுக்குப் பின்னால் குடிவந்தவள் போன் செய்து சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் மஞ்சு. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரர் இசக்கிதுரை போலீஸில் ஏட்டு. அதனால் நான் ஏட்டம்மா. போன சித்திரையில் இலஞ்சியில் சொந்த வீடு கட்டிக் குடிவந்தோம். பால் காய்ச்சிய மறுநாள் அவர் வாசலில் நின்று, கார் வாங்கினால் எங்கே நிறுத்தலாம் என்று பார்த்தார். நான் அதே இடத்தில் நின்று, பூசணிக்குக் குழி எங்கே தோண்டலாம் என்று பார்த்தேன். நான் முந்திக்கொண்டேன்.

ஆடியில் போட்ட பூசணி சுவரேறிப் படர்ந்தது. பூவும் பூத்தது. பிஞ்சோடு வந்த பூ ஒவ்வொன்றும் மூன்றாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்தது. ஒரு காய் பிடிக்கவில்லை. பாவூர்சத்திரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கிற பிச்சைமணி அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டேன். விதை சொத்தை என்றேன். அவர் கோபப்படவில்லை.

"விதை நல்ல விதைதான் தாயி. உங்க வீட்டுக்குத் தேனீ வருதா?"

யோசித்துப் பார்த்தேன். வந்த மாதிரி நினைவில்லை.

"வீட்டச் சுத்தி என்ன வச்சிருக்கிய?"

"குரோட்டன்ஸ், அரளி, ரெண்டு அடுக்கு ரோஜா."

"அதுல தேனீக்கு என்ன இருக்கு? பச்சத் தண்ணி கூடக் கெடையாது. நாலு தும்பச் செடிய விடுங்க. வரப்புல கெடக்குல்லா, அதப் பேத்துக் கொண்டாந்து வையிங்க. சின்னத் தேனீயும் வரும், பெருந்தேனீயும் வரும், வண்ணத்துப்பூச்சியும் வரும். பூசணியில தேனீ வந்து உக்காந்தாத்தான் காய் பிடிக்கும்."

"தும்ப விதை இருக்கா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "தும்பைக்கு யாரு விதை விக்கா? அது நாம வேண்டாம் வேண்டாம்னாலும் வருத செடில்லா" என்றார் அண்ணாச்சி.

எங்கள் தெருவில் மட்டும் அது வேண்டாம் என்று சொன்னதும் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே நெல் விளைந்தது. இப்போது நாற்பது வீடு, நாற்பது சுவர், சுவருக்குள் மண்ணே தெரியாதபடி சிமென்ட். மண் தெரிகிற காலி மனைகளிலும் மாதம் ஒருமுறை களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாம்பு வருமாம். தேனீக்கு வாயிருந்தால் நாற்பது வீட்டுக்காரர்களையும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கும்.

புரட்டாசியில் ஒரு சிமென்ட் சாக்கும் கரண்டியும் எடுத்துக்கொண்டு குளக்கரைப் பக்கம் போனேன். வரப்போரத் தும்பைகளை மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் வைத்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "ஏட்டம்மா, பிள்ளைக்கு மூக்கடைப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். தும்பை மூக்கடைப்புக்கு மருந்துதான், ஆனால் இத்தனை செடி வேண்டுமென்றால் ஊருக்கே மூக்கடைத்திருக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலிலிருந்து சுவர் வரை வரிசையாக ஐம்பது செடி நட்டு, ஓரத்தில் புதிதாகப் பூசணி விதையும் ஊன்றினேன்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வந்த வீட்டுக்காரர் வண்டியை ஸ்டாண்டு போடாமலே நின்றார்.

"ஏட்டி, ஊரே களையப் பிடுங்கிக்கிட்டு இருக்கு. நீ என்னன்னா வரிசை பிடிச்சு நட்டு வச்சிருக்க?"

"தேனீ வரணும்."

"வந்து?"

"பூசணி காய்க்கணும்."

"பூசணிக்காய் பாவூர்சத்திரத்துல குவிஞ்சு கெடக்கு. ஒரு சாக்கு நிறையக் கொண்டாந்து போடுதேன், போதுமா?"

எனக்கு வந்ததே கோபம். "எவளோ நட்ட காய் எனக்கு வேண்டாம். நான் நட்ட செடிய ஏழு ஊருல எவள்லாமோ தின்னா. நான் நட்டத நான் திங்கணும். அது ஒரு பூசணிக்காயாவது இருக்கட்டும்."

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஆவணியில் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தோம். அது தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் பந்தடித்து ஒரு பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். திருடனைப் பிடிக்கிறவரால் பந்தடித்தவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலிலிருந்து சுவர் வரை பேவர் பிளாக் கல் பதித்து, தகரக் கூரை போட்டு, காரை உள்ளே விட வேண்டும் என்பது அவருடைய கனவு. அதையும் குற்றம் சொல்ல முடியாது. அவரும் ஏழு குடியிருப்பில் அடுத்தவன் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியை நிறுத்தியவர்தான்.

"தை பொறந்ததும் கல்லுப் போடணும். ஆள் சொல்லியாச்சு" என்றார்.

"தை ஒண்ணாந் தேதிக்குள்ள இந்தக் கொடியில ஒரு காய் கெடந்தா?"

"கெடந்தா தோட்டம் உனக்கு. காரு தெருவுலயே நிக்கட்டும்."

"ஒரு காய் போதுமா?"

"ஒண்ணே ஒண்ணு. ஆனா விரல் தண்டி பிஞ்சக் காட்டி ஏமாத்தக் கூடாது. ரெண்டு கையால தூக்குத மாதிரி இருக்கணும். இல்லன்னா தும்பையும் போச்சு, பூசணியும் போச்சு. பெறவு முகத்தத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது."

சரி என்றேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள் சுஜிதா சாட்சி.

கார்த்திகை பிறக்கும்போது தும்பை பூத்துவிட்டது. அது பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டையான பச்சைக் கொத்தில் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். மணம் கிடையாது, எடுப்பு கிடையாது, தலையில் வைக்கவும் தோதுப்படாது. ஆனால் தேனீக்கு அது போதுமாயிருந்தது. முதலில் கொசு மாதிரி சின்னத் தேனீ வந்தது. அடுத்த வாரம் பெரியவை வந்தன. வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒரு வண்டு வந்தது. காலை ஏழு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்தால் ரீங்காரம் காதில் கேட்டது. இந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. டிரான்ஸ்பார்மர் சத்தம்தான் கேட்டிருக்கிறேன்.

வெறும் பெருமையில் ஒரு சுற்று பெருத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டு ஷரீபுன்னிசா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்குத் தையல் வேலை. ஜன்னலோரம் மெஷின் போட்டு உட்கார்ந்தால் எங்கள் வாசல் முழுக்கத் தெரியும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். "பரவால்லியே மஞ்சு, தேன்கூடே வச்சிரும் போல" என்றார்கள். தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்கள்தான்.

மார்கழி பிறந்தது. பூசணியும் சரியாக அப்போதுதான் பூத்துத் தள்ளியது. மார்கழியில் வாசலில் கோலம் போட்டு, நடுவே சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைக் குத்தி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்பிள்ளை இருக்கிற வீடு என்றால் இன்னும் விசேஷம். மாதம் முழுக்க வைத்த பூவைச் சாணியோடு தட்டிக் காயவைத்து, தை மாதம் அந்தப் பிள்ளைக்கு மண்ணால் சின்ன வீடு கட்டிச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கும்போது ஆற்றில் விடுவோம். குடியிருப்பில் இருந்த காலமெல்லாம் நான் பூவுக்கு அலைந்தவள். ஒரு பூவுக்காகச் சப்-இன்ஸ்பெக்டர் மனைவியிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன். இப்போது என் கொடியில் விடியும்போது எட்டும் ஒன்பதும் மலர்ந்து கிடந்தன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பறிக்கவில்லை. பூவுக்கு அடியில் குண்டுமணி போலப் பிஞ்சு இருந்தால் அதைத் தொடக் கூடாது, அதுதான் காயாகும். பிஞ்சில்லாமல் நீளக் காம்போடு நிற்கிற வெறும் பூவைத்தான் பறிக்க வேண்டும். இது எங்கள் ஊரில் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுஜிதாவுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். வெள்ளென ஐந்து மணிக்கு இரண்டு பேரும் டார்ச் அடித்து ஒவ்வொரு பூவாகப் பார்ப்போம். பிஞ்சுப் பூவை இலைக்கடியில் பத்திரமாக மறைத்துவிட்டு, வெறும் பூவை ஒன்று விடாமல் பறிப்போம். எங்கள் வாசலுக்கு ஐந்து. மீதியைத் தெருவில் கேட்கிறவர்களுக்கு நானே கூப்பிட்டுக் கொடுப்பேன். "ஏட்டம்மா கை தாராளமான கை" என்று பேராகிவிட்டது.

பிஞ்சு மட்டும் நிற்கவில்லை. முதல் பிஞ்சு மூன்றாம் நாள் மஞ்சளானது. இரண்டாவதும் அப்படியே. நான் காலை ஏழு மணிக்குக் காவல் இருந்து பார்த்தேன். தும்பையில் இருந்த தேனீ எழுந்து வந்து பிஞ்சுப் பூவுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே போய் நிதானமாகக் குடித்துவிட்டு வெளியே வந்தது. தேனீ வந்து உட்கார்ந்தால் காய் பிடிக்கும் என்றுதானே அண்ணாச்சி சொன்னார்? உட்கார்ந்துவிட்டது. இதற்குமேல் என்ன செய்ய? மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சும் மஞ்சளாகிக் காம்போடு விழுந்தது. ஏழு பிஞ்சு போனது. கண்ணேறு என்று நினைத்துப் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன்.

மார்கழி எட்டாம் தேதி பேவர் பிளாக்காரர் டேப்பும் சுண்ணாம்புப் பொடியுமாக வந்தார். வீட்டுக்காரர் அனுப்பியதாகச் சொன்னார். அளந்து, தும்பை வரிசைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனார். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஷரீபுன்னிசா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் எலுமிச்சைச் செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. ஆள் வசமாகக் கிடைத்துவிட்டது.

"யக்கா, இப்பல்ல தெரியுது. நீங்க இங்கன மருந்தடிச்சா தேனீ எப்படி உருப்படும்? என் பிஞ்செல்லாம் கருகுது."

"ஏளா, இது வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும். மருந்தில்ல."

"எல்லாம் மருந்துதான். நீங்க உள்ளுக்குள்ள புழுங்குதது எனக்குத் தெரியாதா? என் கொடி காய்ச்சா உங்களுக்கு ஏன் பொறுக்கலங்கேன்."

இப்படிச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. அக்கா தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அன்று சாயங்காலம் எங்கள் பக்கம் இருந்த ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. தையல் மெஷின் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆலங்குளத்திலிருந்து தாக்கல் வந்தது. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மாடன் இறந்துபோனார். எண்பத்தாறு வயது, படுத்து ஆறு மாதம். எல்லாரும் எதிர்பார்த்ததுதான். போய்த் தூக்கி வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்தது ஒரு நாள்தான். ஐயப்பன் சீசன், அருவியில் கூட்டம் நெரிந்தது. அவர் குற்றாலத்துப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பங்காளி வீட்டுத் துஷ்டி என்பதால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. வாசலில் கோலம் கிடையாது. கோலம் இல்லையென்றால் பூவும் கிடையாது. சுஜிதா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். சிறுவீட்டுப் பொங்கலும் இந்த வருஷம் இல்லை. துஷ்டி விழுந்த வருஷம் பொங்கலே கிடையாது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகிவிட்டது. எழுந்தால் செய்ய வேலையில்லை. காப்பியை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய் நின்றேன். விடிந்துகொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என் கொடியை முழுப் பூவோடு அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது இருட்டுக்குள் இருந்த பூ. வெளிச்சம் வருவதற்குள் அது சாணிக்குள் போய்விடும். இப்போது எட்டுப் பூ வாயைத் திறந்துகொண்டு நின்றன. பிஞ்சுப் பூ இரண்டு.

ஆறரைக்குத் தேனீ வந்தது. முதலில் தும்பை. பிறகு ஒரு வெறும் பூவுக்குள் இறங்கியது. உள்ளே கிடந்து புரண்டது என்றே சொல்ல வேண்டும். வெளியே வரும்போது உடம்பெல்லாம் மஞ்சள் பொடி, மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி. அதே பொடியோடு அடுத்த வெறும் பூ. அதிலிருந்து நேராகப் பிஞ்சுப் பூ. பிஞ்சுப் பூவின் நடுவில் ஒரு தடித்த குமிழ் உண்டு. தேனீ அதன்மேல் ஏறி இறங்கிப் போன பிறகு குனிந்து பார்த்தேன். குமிழில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

கையில் காப்பி ஆறிப்போனது. பத்தாம் வகுப்பில் செம்பருத்தியைப் பிளந்து படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். மகரந்தம் என்று அம்புக்குறி போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த மகரந்தமும் என் வாசல் சாணியில் குத்தி வைத்த பூவும் ஒன்றுதான் என்று முப்பது வருஷமாக எனக்குத் தோன்றவில்லை. பிஞ்சைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, பிஞ்சு பிடிக்க வேண்டிய பொடியை ஒரு துளி விடாமல் பறித்துத் தெரு முழுக்கத் தானம் செய்திருக்கிறேன். பாவம் அந்தத் தேனீ, வெறுங்கையோடு வந்து போயிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அதற்கு ஐந்தாம் நாள் ஷரீபுன்னிசா அக்கா துஷ்டி கேட்க வந்தார்கள். பேச்சு நின்றிருந்தாலும் துஷ்டிக்கு வராமல் இருக்க அவர்களால் முடியாது. கூடத்தில் உட்கார்ந்து முறைப்படி நாலு வார்த்தை விசாரித்துவிட்டு எழுந்தார்கள். வாசல் வரை கூடவே போனேன். போகிறவர்களைக் கையைப் பிடித்துக் கொடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"யக்கா, இதப் பாருங்க."

இரண்டு பிஞ்சும் நின்றிருந்தன. ஒன்று எலுமிச்சை அளவு, இன்னொன்று அதைவிடப் பெரிது. மஞ்சள் அடிக்கவில்லை. கரும்பச்சையாக மினுங்கின.

"அஞ்சு நாளாச்சு. மத்ததெல்லாம் மூணு நாள்ல விழுந்துட்டு. ஏன் நிக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்?"

"என் வேப்பெண்ணெய் தீந்துபோச்சு, அதனால இருக்கும்" என்றார்கள் அக்கா, சிரிக்காமல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். வெறும் பூ, மஞ்சள் பொடி, சாணி எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது. துஷ்டி வீடு என்பதால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனாலும் தோள் குலுங்கியது.

"ஏளா மஞ்சு, மாப்பிள்ளைமாரையெல்லாம் வெள்ளெனப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சாணியில குத்தி வச்சிட்டு, பொண்ணு பிள்ள பெறலன்னு என்னக் குத்தம் சொன்னியாக்கும்?"

"தப்புதான்க்கா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். மூணு நாள் எனக்கு மெஷின்ல கை ஓடல, தெரியுமா?"

"நாக்க அறுத்துப் போடணும்க்கா எனக்கு."

"அறுத்துட்டா பெறவு தெருவுல யாரு பேசுவா? விடு." போகும்போது பிஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். "இனிமே நானும் ஒரு கண்ணு வச்சுக்கிடுதேன்." அன்று சாயங்காலம் ஜன்னல் திறந்திருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மறுநாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டோம். மார்கழியில் இன்னும் ஆறு நாள் பாக்கி. சுஜிதா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கட்டி போற?"

"பூப் பறிக்க."

"பூ கொடியில இருக்கட்டும். செம்பருத்திய வை."

"செம்பருத்தி எல்லா வீட்டுலயுந்தான் வைக்காங்க. தெருவுலயே பூசணிக்கொடி நம்ம வீட்டுலதாம்மா இருக்கு."

அவளையும் ஆறரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடியடியில் நிற்க வைத்தேன். மஞ்சள் பொடியோடு தேனீ வெளியே வருவதைப் பார்த்தாள். போய் அக்கா வீட்டுச் செம்பருத்தியைப் பறித்து வந்து வைத்தாள். தெருவில் பூக் கேட்டு வந்தவர்களுக்கும் இல்லை என்றேன். ஏட்டம்மாவுக்கு இப்போது கை சுருங்கிவிட்டதாம். வீடு வீடாகப் போய்த் தேனீக் கதை சொல்லிக்கொண்டிருக்கவா முடியும்? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை ஒன்றாம் தேதி தெரு முழுக்கப் பானை பொங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் மட்டும் வழக்கமான இட்லி. ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் அருவிப் பந்தோபஸ்து முடிந்து வந்தார். முழங்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது. இருபது நாளாக வீட்டுக்கு வந்ததும் படுப்பார், எழுந்ததும் போவார். கொடிப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவே இல்லை. நானும் காட்டவில்லை.

"பேவர்காரன் நாளைக்குக் கல்லு இறக்குதேங்கான்" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"பூட்ஸக் கழத்தாதிய. இங்கன வாங்க."

தும்பை வரிசையைத் தாண்டி வந்தார். சுண்ணாம்புக் கோடு பனியில் பாதி அழிந்திருந்தது. நான் ஒரு பெரிய இலையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். காய், சின்னக் குடத்தளவு இருந்தது. நான் அடுத்த இலையைத் தூக்கினேன். அங்கே இன்னொன்று. வாழ்நாள் முழுக்கச் சம்பவ இடத்தைப் பார்த்து மகஸர் எழுதுகிறவர் இல்லையா, உடனே நம்பிவிடுவாரா? காம்பைத் தடவிப் பார்த்தார். கொடியோடு ஒட்டியிருக்கிறதா என்று லேசாக அசைத்தார்.

"இழுக்காதிய!" என்று நான் போட்ட சத்தத்தில் ஷரீபுன்னிசா அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"கடையில வாங்கி வச்சிருக்கியோன்னு பாத்தேன்" என்றார். இரண்டு கையையும் காய்க்கு அடியில் கொடுத்து, தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கிப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்தார். "கனமாத்தான் இருக்கு." எழுந்து நின்றார். தும்பையில் தேனீ இரைந்துகொண்டிருந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கல் வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம் என்று இரண்டே வார்த்தையில் பேசி முடித்தார். வாக்கு மாறுகிற மனுஷர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உள்ளே போனவர் அடுக்களைக் கத்தியோடு வந்தார். எனக்குப் புரியவில்லை.

"பொங்கல்தான் கெடையாது. காயாவது சமைப்போம்" என்றார். "பத்தொம்பது வருஷம்லா. சங்கரன்கோவில் பப்பாளி, புளியங்குடி முருங்க, எல்லாம் எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியா? ஒண்ண அறுத்துக் கூட்டு வையி. நீ நட்டத நீ தின்னு."

அவருக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அவர் குனிந்து காம்பில் கத்தியை வைக்கப் போனார். கத்தியைப் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டேன். காம்பு இன்னும் பச்சையாக இருந்தது. அது காய்ந்து கட்டையானால்தான் காய் முற்றியது என்று அர்த்தம். இப்போது அறுத்தால் இதுவும் லாரி வந்து நின்ற நாளில் பறித்த காய்தான்.

"வேண்டாம்" என்றேன். "கெடக்கட்டும். முத்தட்டும்."

"முத்த இன்னும் ஒரு மாசம் ஆகுமேட்டி."

"ஆகட்டும். நாம எங்க போகப் போறோம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை. கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, காரை வெயிலிலிருந்து தெருமுனை வேப்பமர நிழலுக்கு நகர்த்தச் சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.